விளையாட்டு வரைபடக் கோப்புகள்: பகிர்வும் பதிப்புக் கட்டுப்பாடும்

கணினி விளையாட்டில் ஆட்டக்காரர் நடமாடும் இடம் முழுவதும் ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். சுவர் எங்கே, கதவு எங்கே, எந்த மூலையில் எதிரி நிற்கிறான், எந்த அறையில் வெளிச்சம் குறைவு என்பதெல்லாம் அதில் அடங்கும். இதுவே வரைபடக் கோப்பு. விளையாட்டை வெளியிட்ட நிறுவனம் அல்லாமல் ஆட்டக்காரர்களே அதை மாற்றியமைப்பதை 'மோட்' செய்தல் என்பர். மோட் செய்வோரிடையே தொடக்கம் முதலே மிகுதியாகக் கைமாறியவை வரைபடக் கோப்புகள்.

ஒரே நிரல் கோப்பில் பலர் ஒரே காலத்தில் வேலை செய்து, பின்னர் அவரவர் மாற்றங்களை ஒன்றிணைக்கும் வழி நிரலாளர்களுக்கு 1990 வாக்கிலேயே கிடைத்துவிட்டது. வரைபடம் அமைப்போருக்கு அந்த வசதி கைகூட மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயின. கணினியின் வேகமோ இணையத்தின் வேகமோ இதற்குக் காரணமல்ல. கோப்பு எவ்வாறு கட்டப்பட்டிருந்தது, அதைத் திறந்து திருத்த யாருக்கு உரிமை இருந்தது என்ற இரண்டுமே இந்தத் தாமதத்தை விளக்குகின்றன.

டூம் விளையாட்டும் வாட் கோப்பும்

ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 1992இல் வெளியிட்ட வுல்ஃபென்ஸ்டைன் 3டி விளையாட்டை மாற்ற விரும்பியவர்கள் அதன் மூலக் கோப்புகளின் மேலேயே எழுத வேண்டியிருந்தது. புதிய வரைபடம் வேண்டுமானால் பழையதை இழக்க வேண்டும். அடுத்த விளையாட்டான டூமை வடிவமைத்தபோது அதன் முதன்மை நிரலாளர் ஜான் கார்மாக் இந்தச் சிக்கலை மனத்தில் கொண்டார். 1993 டிசம்பர் 10 அன்று டூம் வெளியானபோது இயக்கும் நிரல் தனியாகவும், படம், ஒலி, வரைபடம் ஆகிய தரவுகள் தனியாகவும் இருந்தன. தரவுகள் இருந்த கோப்பின் பெயர் 'வாட்'.

வாட் கோப்பு இரண்டு வகைப்பட்டது. விளையாட்டோடு வருவது 'ஐவாட்'. ஆட்டக்காரர் செய்து சேர்ப்பது 'பிவாட்'. விளையாட்டைத் தொடங்கும்போது பிவாட்டின் பெயரைக் கட்டளையில் சேர்த்துவிட்டால், அதில் உள்ள வரைபடம் மூல வரைபடத்தின் இடத்தில் தோன்றும். மூலக் கோப்பு தொடப்படுவதில்லை. இதனால் இன்னொரு நன்மையும் விளைந்தது. பிவாட்டில் நிறுவனத்தின் பதிப்புரிமைப் பொருள் எதுவும் இருக்கத் தேவையில்லை. வரைபடத்தை மட்டும் வைத்தால் போதும். எனவே அதை யாரும் யாருக்கும் சட்டச் சிக்கலின்றிக் கொடுக்க முடிந்தது. இலவசமாகக் கிடைத்த ஷேர்வேர் பதிப்பில் மட்டும் பிவாட் இயங்காது. காசு கொடுத்து முழு விளையாட்டையும் வாங்கியவரே பிறர் செய்த வரைபடங்களை ஆட முடியும் என்ற இந்த ஏற்பாடு நிறுவனத்தின் வியாபாரத்துக்கும் உதவியது.

ஐடி சாஃப்ட்வேர் தன் வரைபடத் தொகுப்பானை வெளியிடவில்லை. அது நெக்ஸ்ட் கணினிகளில் இயங்கியது. சாதாரண ஆட்டக்காரரிடம் அந்தக் கணினி கிடையாது. கோப்பின் அமைப்பை ஆட்டக்காரர்களே ஆராய்ந்து கண்டுபிடித்தனர். 1994 தொடக்கத்திலேயே பிரெண்டன் வைபர், ரஃபேல் கினே ஆகியோர் உருவாக்கிய டிஇயு என்னும் தொகுப்பான் வந்துவிட்டது. பல்கலைக்கழகங்களும் பிற நிறுவனங்களும் நடத்திய எஃப்டிபி வழங்கிகளில் பிவாட்டுகள் குவியத் தொடங்கின.

அங்கே ஒவ்வொரு வாட்டுடனும் ஓர் உரைக்கோப்பு வைக்கும் வழக்கம் உருவானது. வரைபடத்தின் பெயர், செய்தவர், மின்னஞ்சல், எந்தத் தொகுப்பானில் செய்யப்பட்டது, எத்தனை நேரம் ஆனது போன்றவற்றை ஒரு படிவம் போல அதில் நிரப்புவர். அவற்றுள் முக்கியமானது, இந்த வரைபடத்தை அடிப்படையாகக் கொண்டு பிறர் வேறு வரைபடம் செய்யலாமா, கூடாதா என்ற வரி. பலர் 'கூடாது' என்று எழுதினர். முதல் படைப்பைப் பெருமையோடு வெளியிடும் இளைஞர் அவ்வாறு எழுதியதில் வியப்பில்லை. ஆனால் மின்னஞ்சல் முகவரிகள் சில ஆண்டுகளில் செயலிழந்தபோது, அனுமதி கேட்கக்கூட வழியில்லாத வரைபடங்கள் ஏராளமாக மிஞ்சின. ஆடலாம், பிறருக்குக் கொடுக்கலாம், திருத்த மட்டும் கூடாது என்ற நிலையிலேயே அவை இன்றும் இருக்கின்றன.

எண்களால் பின்னப்பட்ட கோப்பு

டூம் வரைபடம் ஒன்று பத்துப் பட்டியல்களால் ஆனது. முனைகளின் பட்டியல், கோடுகளின் பட்டியல், கோடுகளின் பக்கங்கள், அறைப் பகுதிகள், பொருள்கள் ஆகிய ஐந்தும் மனிதர் வரைவன. எஞ்சியவை விளையாட்டு வேகமாக இயங்குவதற்காகக் கணக்கிட்டுச் சேர்க்கப்படுவன. ஒரு முனைக்கு 4 பைட், ஒரு கோட்டுக்கு 14 பைட், ஒரு பொருளுக்கு 10 பைட். எங்கும் பெயர் கிடையாது. ஒரு கோடு எந்த முனையில் தொடங்கி எந்த முனையில் முடிகிறது என்பது முனைப் பட்டியலில் அவற்றின் வரிசை எண்ணால் மட்டுமே குறிக்கப்படும்.

பத்தாவது முனையை ஒருவர் நீக்கினால் பதினொன்றாவது முனை பத்தாவதாகிவிடும். அதற்குப் பின் உள்ள எல்லாமே ஓர் எண் கீழிறங்கும். அவற்றைச் சுட்டும் கோடுகளும் மாறும். தெருவில் ஒரு வீட்டை இடித்ததும் கடைசி வீடு வரை புதுக் கதவெண் கொடுத்தது போன்ற நிலை இது. பழைய எண், புதிய எண் என இரண்டையும் சுவரில் எழுதி வைக்கும் வழக்கமும் இங்கே கிடையாது. ஒரு தூணை நகர்த்தினாலும் கணக்கிட்டுச் சேர்க்கும் பட்டியல்களை மீண்டும் உருவாக்க வேண்டும். இரண்டு பதிப்புகளைப் பைட் பைட்டாக ஒப்பிட்டால் பாதிக் கோப்பு வேறுபடும். அதில் மனிதர் செய்த மாற்றம் எது, கருவி செய்த மாற்றம் எது என்று பிரிக்க முடியாது.

ஆகவே கூட்டு முயற்சிகள் வேலையை வரைபட எண்ணின்படி பங்கிட்டுக்கொண்டன. 1994இல் வந்த டூம் 2இல் 32 வரைபடங்கள் இருந்தன. 32 இடங்களையும் நிரப்பும் பெரிய தொகுப்புக்கு 'மெகாவாட்' என்று பெயர். ஒருவருக்கு ஒரு வரைபடம், அல்லது இரண்டு. அவர் முடித்ததும் தொகுப்பாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புவார். 1995இல் வெளியான மெமென்டோ மோரி இவ்வகையில் பலர் சேர்ந்து செய்த புகழ்பெற்ற தொகுப்பு. இருவர் ஒரே வரைபடத்தில் வேலை செய்ய வேண்டியிருந்தால் ஒருவர் முடித்துக் கொடுத்த பின்னரே மற்றவர் தொடுவார். பதிப்பு எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுத வேண்டும். டாஸ் இயங்குதளம் பெயருக்கு 8 எழுத்துகளே அனுமதித்ததால் அதற்கும் இடம் போதாது.

இந்தக் காலத்தின் கூட்டு முயற்சிகளில் மிகுந்த சலசலப்பை உண்டாக்கியது டீம்டிஎன்டி என்னும் குழுவின் 'டிஎன்டி: எவிலூஷன்'. இணையத்தில் கூடியவர்கள் பிரித்துச் செய்த இந்த மெகாவாட் 1995 இறுதியில் இலவசமாக வெளிவரும் என அறிவிக்கப்பட்டிருந்தது. வெளியாகும் தறுவாயில் ஐடி சாஃப்ட்வேர் அதை விலைக்கு வாங்கியது. 1996இல் ஃபைனல் டூம் என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. செய்தவர்களுக்கு அது பெரிய அங்கீகாரம். இலவசமாகக் கிடைக்கும் என்று காத்திருந்தவர்களோ கொதித்தனர். பலர் கைபட்ட ஒரு வரைபடத் தொகுப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அதுவரை யாரும் விடை எழுதி வைத்திருக்கவில்லை.

உரைக்கோப்பு வந்தும் தீராத சிக்கல்

1996 ஜூன் மாதம் வந்த குவேக் விளையாட்டின் வரைபட மூலம் உரைக்கோப்பாக இருந்தது. எந்த எழுத்துத் தொகுப்பானிலும் திறந்து படிக்கலாம். ஒரு சுவர்த் துண்டின் ஒவ்வொரு முகமும் ஒரு வரி. அந்த வரியில் மூன்று புள்ளிகளும் மேலே ஒட்டும் படத்தின் பெயரும் இருக்கும். எண்ணைக் கொண்டு இன்னொரு பட்டியலைத் தேட வேண்டியதில்லை. பதிப்புக் கட்டுப்பாட்டுக்கு ஏற்ற கோப்பு என்று இதைத் தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் ஆட்டக்காரர் கைக்கு வந்தது அந்தக் கோப்பு அல்ல. மூலத்தை மூன்று கருவிகள் அடுத்தடுத்துப் பதப்படுத்தும். முதலாவது வடிவத்தைப் பிரித்து அடுக்கும். இரண்டாவது வெளிச்சத்தைக் கணக்கிடும். மூன்றாவது எங்கிருந்து எது தெரியும் என்று கணக்கிடும். விளைவாகக் கிடைக்கும் 'பிஎஸ்பி' என்னும் இருமக் கோப்பே பகிரப்பட்டது. மூலம் செய்தவரின் வன்தட்டில் தங்கியது. வன்தட்டு பழுதானால் அதுவும் போயிற்று. பிஎஸ்பியிலிருந்து மூலத்தை மீட்கும் கருவிகள் உண்டு என்றாலும், மாவிலிருந்து நெல்லை எடுப்பது போலத்தான்: வடிவம் ஓரளவு திரும்பும், அமைத்தவர் வைத்திருந்த ஒழுங்கு திரும்பாது. டூமின் வாட்டில் இந்தக் குறை இல்லை. அங்கே ஆடும் கோப்பும் திருத்தும் கோப்பும் ஒன்றே. உரிமை இருந்ததோ இல்லையோ, எவரும் திறந்து பார்க்க முடிந்தது.

குவேக்கின் மூலநிரலை 1999இலேயே ஐடி சாஃப்ட்வேர் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டது. விளையாட்டின் சொந்த வரைபட மூலங்கள் வெளிவர 2006 ஆனது. அவற்றை அதே உரிமத்தில் வெளியிட்டவர் விளையாட்டின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ.

வால்வ் நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஹாஃப் லைஃப் விளையாட்டின் தொகுப்பான் வேர்ல்டுகிராஃப்ட். அது தன் வேலைக்கோப்பை இரும வடிவில் சேமித்தது. அதன் வழிவந்த ஹேமர், 2004இல் வந்த ஹாஃப் லைஃப் 2க்காக 'விஎம்எஃப்' என்னும் உரை வடிவுக்கு மாறியது. அந்தக் கோப்பின் தலைப்பகுதியில் வரைபடம் எத்தனை முறை சேமிக்கப்பட்டது என்ற எண்ணிக்கை ஒன்று உண்டு. ஒவ்வொரு சேமிப்பிலும் அது கூடும். இருவர் வெவ்வேறு அறைகளில் வேலை செய்திருந்தாலும் இந்த ஒரு வரி இருவரின் கோப்பிலும் வெவ்வேறாக இருக்கும். ஒன்றிணைக்கும்போது முதல் முட்டுக்கட்டை அதுவே. பதிப்பை நினைவில் வைக்கச் சேர்த்த எண்ணே பதிப்புக் கட்டுப்பாட்டுக்குத் தடையாக நின்றது.

வரி வரியாக ஒப்பிடும் கருவிகள்

இங்கே பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் 'டிஃப்' நிரல் 1970களில் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் பிறந்தது. அது வரி வரியாக ஒப்பிட்டது. 1990 வாக்கில் பரவிய சிவிஎஸ், 2000இல் தொடங்கிய சப்வெர்ஷன், 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் ஆகிய அனைத்தும் ஒன்றிணைக்கும்போது இதே வழியைப் பின்பற்றுகின்றன. ஒருவர் 20ஆம் வரியையும் மற்றவர் 300ஆம் வரியையும் மாற்றினால் இரண்டும் தானாகச் சேரும். ஒரே வரியை இருவரும் மாற்றினால் மோதல். மனிதர் தலையிட வேண்டும்.

இருமக் கோப்பில் வரியே இல்லை. எனவே கருவி ஒன்றுதான் செய்ய முடியும்: உன்னுடையதா, அவருடையதா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்கும். ஒருவரின் உழைப்பு வீணாகும். இதைத் தவிர்க்கவே சப்வெர்ஷன் 2005இல் கோப்புக்குப் பூட்டுப் போடும் வசதியைச் சேர்த்தது. பெரிய கோப்புகளுக்கான கிட் எல்எஃப்எஸ் நீட்சியும் பின்னர் அதே வசதியைச் சேர்த்தது. பூட்டு என்பது மின்னஞ்சல் காலத்து முறையின் ஒழுங்கான வடிவம்தான்: ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும்.

டூமுக்கு முழுக்கத் திறமூலத் தரவுகளை உருவாக்கும் ஃப்ரீடூம் திட்டம் 2001இல் தொடங்கியது. திறமூல உரிமம் தேவைப்பட்டதால், திருத்த அனுமதி இல்லாத பழைய வரைபடக் குவியல் அதற்குப் பயன்படவில்லை. வரைபடங்களைத் தனியே கேட்டுப் பெற வேண்டியிருந்தது. ஃப்ரீடூம் தன் வரைபடங்களைக் கிட் களஞ்சியத்தில், ஒன்றுக்கு ஒரு வாட் கோப்பு என்ற கணக்கில் தனித்தனியாக வைத்திருக்கிறது. வெளியீட்டின்போதுதான் அவை ஒரே பெரிய வாட்டாகக் கட்டப்படும். 1995இன் பங்கீடு இங்கே களஞ்சிய அமைப்பாகவே மாறியிருக்கிறது. அது ஏற்ற தீர்வுதான், ஆனால் ஒரு வரைபடத்துக்குள் அல்ல. 2000களின் இறுதியில் டூம் சமூகம் யுடிஎம்எஃப் என்னும் உரை வடிவை உருவாக்கியது. அதிலும் கோடு தன் முனையை வரிசை எண்ணாலேயே சுட்டுகிறது. படிக்க எளிதானது, கதவெண் சிக்கல் அப்படியே நின்றது.

ஸ்பேஸ் ஸ்டேஷன் 13

இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்துத் தீர்த்தவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள், பளபளப்பான முப்பரிமாண விளையாட்டை ஆடியவர்கள் அல்லர். மேலிருந்து பார்க்கும் எளிய கட்டப் படங்களால் ஆன ஸ்பேஸ் ஸ்டேஷன் 13 என்னும் விளையாட்டின் சமூகத்தினர். பியாண்ட் என்னும் விளையாட்டுத் தளத்தில் 2003இல் தோன்றிய இது, விண்வெளி நிலையம் ஒன்றில் பலர் சேர்ந்து வேலை செய்யும், சதியும் செய்யும் விளையாட்டு. அதன் மூலநிரல் பொதுவெளிக்கு வந்த பின் பல குழுக்கள் தத்தம் வழங்கிகளில் தத்தம் வடிவங்களை நடத்தத் தொடங்கின. அவற்றுள் பெரியது டிஜி ஸ்டேஷன். திறமூலமாக, முதலில் சப்வெர்ஷனிலும் பின்னர் கிட்ஹப்பிலும் வளர்ந்தது. வேறு பல குழுக்கள் இதிலிருந்து கிளைத்தவை. மூலக் களஞ்சியத்தில் வரும் திருத்தங்களை அவை அவ்வப்போது தம்முடையவற்றோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். அதனால் இங்கே ஒன்றிணைத்தல் அன்றாட வேலை.

விண்வெளி நிலையம் முழுவதும் ஒரே வரைபடம். நீளம் 255 கட்டம், அகலம் 255 கட்டம். மொத்தம் 65,025 கட்டங்கள். மருத்துவப் பிரிவும் இயந்திர அறையும் சமையலறையும் அதே கோப்பில்தான். வரைபட எண்படி பங்கிட இங்கே வழியில்லை.

பியாண்டின் 'டிஎம்எம்' கோப்பு உரைக்கோப்பே. அதன் முதற்பகுதி ஓர் அகராதி. தரை, அதன் மேல் உள்ள குழாய், கம்பி, நாற்காலி என ஒரு கட்டத்தில் இருக்கும் பொருள்களின் தொகுதிக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தும் பேரெழுத்துமாக இரண்டு மூன்று எழுத்துகள் கொண்ட ஒரு சாவி தரப்பட்டிருக்கும். இரண்டாம் பகுதி கட்டங்களின் விரிப்பு: 255 வரிகள், வரிக்கு 255 சாவிகள். கோப்பைச் சிறிதாக்க இது நல்ல உத்தி. 52 எழுத்துகளைக் கொண்டு இரண்டெழுத்துச் சாவிகள் 2,704 வரை கிடைக்கும்; தொகுதிகள் அதைத் தாண்டினால் மூன்றெழுத்து வேண்டும்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், பியாண்டுடன் வரும் தொகுப்பான் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் சாவிகளைப் புதிதாக வழங்கியது. சமையலறையில் ஒரு நாற்காலியை வைத்துச் சேமித்தால், அகராதியில் புதிய தொகுதி ஒன்று நுழைந்து, அதற்குப் பிந்தைய சாவிகள் நகர்ந்து, விரிப்பின் வரிகளெல்லாம் மாறிவிடும். கிட் பார்வையில் கோப்பு முழுவதும் புதிது. நாற்காலி வைத்தவரும், மறுபுறம் குழாயைச் சரிசெய்தவரும் மோதிக்கொள்வர். சாவிகள் மாறாமல் இருந்தாலும், ஒரு வரியில் 255 கட்டங்கள் இருப்பதால் நிலையத்தின் இரு கோடியில் ஒரே நேர்கோட்டில் வேலை செய்த இருவரும் மோதியே தீர்வர். வரைபடத் திருத்தம் ஒன்று ஏற்கப்பட்டால், காத்திருந்த மற்றவர்கள் தம் வேலையை அதன் மேல் மறுபடி செய்ய வேண்டும். தன்னார்வத்தால் மாலை நேரங்களில் உழைத்தவர்களிடம் இரண்டாம் முறையாக அதே குழாயைப் போடச் சொல்வது, 'போய்விட்டு வா' என்பதற்குச் சமம்.

தீர்வு இரண்டு பகுதிகளாக வந்தது. முதலாவது 'மேப்மெர்ஜ்' என்னும் கருவி. தொகுப்பான் சேமித்த கோப்பைக் களஞ்சியத்தில் உள்ள பழைய கோப்போடு ஒப்பிட்டு, மாறாத தொகுதிகளுக்குப் பழைய சாவியையே அது திருப்பிக் கொடுக்கும். உண்மையில் மாறிய கட்டங்கள் மட்டும் மாற்றமாகத் தெரியும். இரண்டாவது 'டிஜிஎம்' என்னும் எழுத்து ஒழுங்கு. பியாண்ட் தடையின்றிப் படிக்கும் அதே டிஎம்எம் கோப்பை, ஒரு வரிக்கு ஒரு கட்டம் என்று பிரித்து எழுதுவது. அகராதியிலும் ஒரு பொருளுக்கு ஒரு வரி. கோப்பு நீண்டது. ஆனால் ஒரு வரி என்பது ஓர் இடம் என்றானதும், 1970களின் வரி ஒப்பீடு விண்வெளி நிலையத்துக்கும் பொருந்தியது. விளையாட்டுத் தளத்தை மாற்றாமல், வரியை மடக்கும் இடத்தை மட்டும் மாற்றிச் செய்த காரியம் இது.

இன்னொரு நுட்பமும் உண்டு. புதிய தொகுதிக்கு 'அடுத்த' சாவியைக் கொடுத்தால், தனித்தனியே வேலை செய்யும் இருவர் வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே சாவியை எடுத்துவிடுவர். ஆகவே கருவியின் பிந்தைய வடிவம், பயன்படாத சாவிகளிலிருந்து ஒன்றைக் குருட்டாம்போக்கில் எடுக்கிறது. மூன்றெழுத்துச் சாவிகள் பல்லாயிரம் இருப்பதால் இருவரும் ஒன்றையே எடுக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒழுங்கான வரிசையைக் கைவிட்டதால் கிடைத்த பாதுகாப்பு என்று இதைக் கூறலாம்.

அந்தப் பிந்தைய வடிவம் கிட்டுடன் நேராக இணைந்தும் இயங்குகிறது. கோப்பைப் பதியும் தறுவாயில் சாவிகளைத் தானாகச் சீர்செய்கிறது. மோதல் வந்தால் வரிகளை விட்டுவிட்டு, மூலம், இவருடையது, அவருடையது என மூன்றையும் கட்டம் கட்டமாக ஒப்பிடுகிறது. ஒருவர் மட்டும் தொட்ட கட்டம் அவர் மாற்றியபடியே ஏற்கப்படும். இருவரும் தொட்டிருந்தால் தரை, பகுதி, மேலுள்ள பொருள்கள் எனத் தனித்தனியே இணைத்துப் பார்க்கும். அப்படியும் தீராத கட்டத்தில் 'மோதல்' என்று அடையாளம் காட்டும் பொருள் ஒன்றை வைத்துவிடும். திருத்துபவர் தொகுப்பானில் வரைபடத்தைத் திறந்து, அந்த அடையாளம் இருக்கும் இடத்துக்குப் போய், நாற்காலி வேண்டுமா குழாய் வேண்டுமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம்.

இதன் பின் வந்த ஸ்ட்ராங்டிஎம்எம் என்னும் வரைபடத் தொகுப்பான், சேமிக்கும்போதே டிஜிஎம் ஒழுங்கில் எழுதுகிறது. கிட்ஹப்பில் வரைபடத் திருத்தம் ஒன்று முன்மொழியப்பட்டதும், மாறிய பகுதியின் முந்தைய தோற்றத்தையும் புதிய தோற்றத்தையும் படமாக வரைந்து அருகருகே காட்டும் தானியங்கிகளும் உருவாயின. ஒன்றிணைப்பு சுத்தமாக முடிந்தாலும் வரைபடம் கெட்டிருக்கக்கூடும்: ஒரே விளக்கை இருவர் ஒரே கட்டத்தில் வைத்திருப்பர், ஒருவர் பிடுங்கிய மின்கம்பியை நம்பி மற்றவர் கதவு வைத்திருப்பார். இத்தகையவற்றில் விதியாக எழுதக்கூடியதை, அதாவது ஒரே பொருள் இரட்டிப்பது, இருக்கக் கூடாத இடத்தில் இருப்பது ஆகியவற்றை, டிஜி ஸ்டேஷன் களஞ்சியத்தின் சோதனை நிரல்கள் ஏற்பதற்கு முன்பே தடுக்கின்றன. எஞ்சியவை வழங்கியில் ஆட்டம் தொடங்கி, இயந்திர அறையில் விளக்கு அணையும்போது தெரியவருகின்றன.